மணிக்கட்டுக்கு எத்தனை டெஸ்லா?

1977 டிசம்பரில் ‘நேச்சர்’ இதழ் இரண்டு பக்கக் கட்டுரை ஒன்றை வெளியிட்டது. எழுதியவர்கள் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வால்டோ ஹின்ஷா, பால் பாட்டம்லி, நீல் ஹாலண்ட். உயிருள்ள மனிதரின் மணிக்கட்டைக் கத்தியும் எக்ஸ்ரேயும் இல்லாமல் குறுக்கே அறுத்துக் காட்டும் படம், இன்று எம்.ஆர்.ஐ. எனப்படுவது, அதில் இருந்தது. அதே பல்கலைக்கழகத்தில், அதே ஆண்டில், பீட்டர் மான்ஸ்ஃபீல்டும் ஆண்ட்ரூ மாட்ஸ்லியும் மாட்ஸ்லியின் விரலைப் படம் எடுத்திருந்தார்கள். மூளைக்கும் முதுகெலும்புக்கும் முன்பே விரலும் மணிக்கட்டும் காந்தத்துக்குள் போனதற்குக் காரணம் எளியது: அன்றைய ஆய்வுக்கூடக் காந்தங்களின் இடுக்கில் நுழையக்கூடியவை அவைதாம்.

பிறகு முழு உடலும் நுழையும் காந்தங்கள் வந்தன. வந்ததும் மணிக்கட்டு ஓரத்துக்குத் தள்ளப்பட்டது. 60 அல்லது 70 சென்டிமீட்டர் விட்டமுள்ள குழாய்கள் தலைக்கும் வயிற்றுக்கும் ஏற்றவை. 6 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு மூட்டை அதற்குள் எங்கே வைப்பது என்பதே இன்றுவரை ஒரு சிக்கல். ஆனால் நோயாளியும் மருத்துவரும் கேட்கும் கேள்வி வேறு: காந்தப்புலத்தின் வலிமை 1.5 டெஸ்லாவா, 3 டெஸ்லாவா? சென்னை, மதுரை, கோவை ஸ்கேன் மையங்களின் பலகைகளில் ‘3 டெஸ்லா’ என்பது தரச்சான்று போலவே எழுதப்பட்டிருக்கிறது. எண் பெரிதானால் படம் தெளிவு, படம் தெளிவானால் நோயறிதல் சரி என்ற கணக்கு அந்தப் பலகைக்குப் பின்னால் இருக்கிறது.

அந்தக் கணக்கின் இரண்டு படிகளும் தளர்ந்தவை என்பதே இக்கட்டுரையின் வாதம். காந்தப்புலம் இரட்டிப்பாகும்போது மணிக்கட்டுப் படத்துக்கு வந்து சேரும் லாபம், எண் சொல்வதைவிடச் சிறியது. அந்தச் சிறிய லாபமும் மணிக்கட்டின் சில இடங்களில்தான் தீர்ப்பை மாற்றுகிறது. மற்ற இடங்களில் சிக்னலை வாங்கும் கம்பிச் சுருளான காயிலும் கையை வைக்கும் விதமும் எதைத் தேடுகிறோம் என்ற கேள்வியும்தான் தீர்மானிக்கின்றன. இதுவரை வெளியான ஒப்பீடுகளில் பல, புலத்தைப் புலத்தோடு ஒப்பிட்டவை அல்ல. ஓர் இயந்திரத்தை இன்னோர் இயந்திரத்தோடு ஒப்பிட்டவை.

முதலில், பார்க்க வேண்டிய பொருள் எவ்வளவு சிறியது என்று தெரிய வேண்டும். மணிக்கட்டில் எட்டுச் சிறு எலும்புகள். அவற்றுள் ஸ்காபாய்டு, லூனேட் இரண்டையும் கட்டிவைத்திருக்கும் தசைநார் பிறை வடிவில் முன், பின், நடு என மூன்று பகுதிகளாக இருக்கிறது. பின்பகுதி தடிப்பானது, சுமையைத் தாங்குவது. நடுப்பகுதி மெல்லிய சவ்வு. மூட்டுக் குருத்தெலும்பு பல இடங்களில் 1 மில்லிமீட்டரோ அதற்கும் குறைவோதான். சுண்டுவிரல் பக்கம், அல்னா எலும்பின் நுனிக்கும் மணிக்கட்டு எலும்புகளுக்கும் நடுவே, முக்கோண நார்க்குருத்தெலும்புத் தொகுதி இருக்கிறது. 1981இல் பாமர், வெர்னர் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் அதற்கு இன்று வழங்கும் பெயரைக் கொடுத்தார்கள். எலும்பியல் மருத்துவர்கள் டி.எஃப்.சி.சி. என்று சுருக்கிச் சொல்வது அதையே. அதன் நடுவட்டு ஓரிரு மில்லிமீட்டர் தடிப்புள்ளது. அது அல்னாவின் நுனியிலுள்ள குழியில் வந்து பற்றும் இடம் அதனினும் நுணுக்கமானது.

இந்தத் தொகுதி கிழிந்திருக்கிறது என்று மட்டும் சொன்னால் அறுவை மருத்துவருக்குப் போதாது. எங்கே கிழிந்திருக்கிறது என்பதே முக்கியம். பாமர் 1989இல் வகுத்த முறை இன்றும் வழக்கில் உள்ளது: காயத்தால் வருபவை முதல் வகுப்பு, தேய்மானத்தால் வருபவை இரண்டாம் வகுப்பு. முதல் வகுப்பிலும் நடுவட்டின் கிழிசல் ஒரு பிரிவு, அல்னா பக்கத்து ஓரம் பிய்ந்து வருவது இன்னொரு பிரிவு. ஓரத்துக்கு ரத்த ஓட்டம் உண்டு, தைத்தால் ஒட்டும். நடுவட்டுக்கு ரத்த ஓட்டம் இல்லை. கிழிந்த நுனியைச் சீவி விடுவதே வழக்கம். ஆக ஓரம் கிழிந்த நோயாளிதான் சரியான நோயறிதலால் அதிகம் பயன் பெறுகிறவர். எம்.ஆர்.ஐ. அதிகம் தடுமாறுவதும் அங்கேதான். 2002இல் அமெரிக்க ஆய்வொன்று இந்த ஓரக் கிழிசல்களை மட்டும் தனியே எடுத்து அன்றைய எம்.ஆர்.ஐ. படங்களைச் சோதித்தது. உண்மையாகக் கிழிந்திருந்தவற்றில் 17 சதவீதத்தையே படங்கள் பிடித்திருந்தன. டெஸ்லா விவாதம் நடத்தத் தகுதியான இடம் ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

இனி இயற்பியல். உடலிலுள்ள நீரின் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் காந்தப்புலத்தில் அதன் திசையிலும் எதிர்த்திசையிலும் அணிவகுக்கின்றன. இரு அணிகளும் ஏறக்குறையச் சமம். உடல் வெப்பநிலையில், 1.5 டெஸ்லாவில், பத்து லட்சத்துக்கு ஐந்து அளவுக்கே ஓர் அணி மிஞ்சுகிறது. 3 டெஸ்லாவில் பத்து, 7 டெஸ்லாவில் இருபத்துமூன்று. படத்துக்கான சிக்னல் முழுவதும் இந்த மிச்சத்திலிருந்தே வருகிறது. அணுக்கருக்கள் சுழலும் அதிர்வெண்ணும் டெஸ்லாவுக்கு 42.58 மெகாஹெர்ட்ஸ் என்ற வீதத்தில் ஏறுகிறது. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால், உடலே இரைச்சலின் பிறப்பிடமாக இருக்கும்வரை, சிக்னலுக்கும் இரைச்சலுக்குமான விகிதம் புலத்தோடு நேர்விகிதத்தில் கூடும். 1.5இலிருந்து 3க்குப் போனால் இரட்டிப்பு. இதுவரை பலகை சொல்வது சரி.

ஆனால் அந்த இரட்டிப்பு, படத்தின் நுணுக்கமாக மாறும்போது என்ன ஆகிறது? எம்.ஆர்.ஐ. படத்தின் ஒவ்வொரு புள்ளியும் ஒரு கனக்கட்டம். அதற்கு நீளம், அகலம், தடிப்பு மூன்றும் உண்டு. சிக்னல் அந்தக் கட்டத்தின் கன அளவைப் பொறுத்தது. எனவே சிக்னல் இரட்டிப்பானால் கட்டத்தின் கன அளவைப் பாதியாக்கலாம். ஒவ்வொரு பக்கமும் பாதியாகாது. இரண்டின் கனமூலம் 1.26 என்பதால், பக்கம் ஐந்தில் ஒரு பங்குதான் குறையும். 0.4 மில்லிமீட்டர் பக்கமும் 2 மில்லிமீட்டர் தடிப்பும் கொண்ட கட்டம், 3 டெஸ்லாவில் 0.32 மில்லிமீட்டரும் 1.6 மில்லிமீட்டருமாக ஆகிறது. தடிப்பை அப்படியே விட்டு முகப்பை மட்டும் நெருக்கினால் 0.28 வரை போகலாம். புலத்தை இரட்டிப்பாக்கியும் கட்டத்தின் ஓரம் குறைவது மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்கு அளவே.

அதுவும் செலவு போக மிஞ்சுவதல்ல. கொழுப்பின் ஹைட்ரஜனும் நீரின் ஹைட்ரஜனும் சற்றே வேறுபட்ட அதிர்வெண்களில் சுழல்கின்றன. வேறுபாடு பத்து லட்சத்துக்கு 3.5. 1.5 டெஸ்லாவில் இது 220 ஹெர்ட்ஸ் அளவு, 3 டெஸ்லாவில் 440க்கு மேல். இயந்திரம் அதிர்வெண்ணை இடமாக வாசிப்பதால், மஜ்ஜையிலுள்ள கொழுப்பு படத்தில் இடம் பெயர்ந்து விழுகிறது. புள்ளிக்கு 220 ஹெர்ட்ஸ் என்ற அளவில் வாசித்தால் 1.5 டெஸ்லாவில் ஒரு புள்ளி நகரும், 3 டெஸ்லாவில் இரண்டு புள்ளி. புள்ளி 0.3 மில்லிமீட்டர் என்றால் நகர்வு 0.6 மில்லிமீட்டர். 1 மில்லிமீட்டர் குருத்தெலும்பின் ஓரத்தில் இது ஒரு பொய்க் கோட்டை வரையப் போதும். நகர்வைப் பழைய அளவுக்குக் கொண்டுவர அலைக்கற்றையை இரட்டிப்பாக்க வேண்டும். அதற்குக் கட்டணம் இரண்டின் வர்க்கமூலம். அப்போது கையில் மிஞ்சும் லாபம் இரண்டு மடங்கு அல்ல, 1.4 மடங்கு. அதையும் கனமூலத்தில் போட்டால் கட்டத்தின் பக்கம் பத்தில் ஒரு பங்கே சுருங்குகிறது. கொழுப்பை முற்றிலும் அடக்கி எடுக்கும் படங்களில் இந்த அபராதம் பெரிதாக உறைக்காது. கொழுப்பு வெளிச்சமாகத் தெரிய வேண்டிய டி1 படங்களில் உறைக்கும்.

இதற்கு நேர் எதிரான கணக்கும் உண்டு. இரு அதிர்வெண்களும் விலகியிருப்பதால் 3 டெஸ்லாவில் கொழுப்பை மட்டும் குறிவைத்து அடக்குவது எளிது. 0.2 டெஸ்லாவில் இடைவெளி வெறும் 30 ஹெர்ட்ஸ். அங்கே அந்த வழி செல்லாது, வேறு உத்திகளை நாட வேண்டும். புலம் கூடக்கூட, திசுக்களின் அணுக்கருக்கள் மீண்டும் அணிவகுக்க எடுக்கும் டி1 நேரம் நீள்வதும் லாபத்தில் கொஞ்சத்தைத் தின்கிறது. உடலில் படியும் ரேடியோ ஆற்றல் புலத்தின் வர்க்கமாக, அதாவது நான்கு மடங்காக ஏறும். மணிக்கட்டைச் சுற்றி வைத்த சிறு காயிலே அலையை அனுப்பவும் செய்தால் இது பெரிய பிரச்சினை இல்லை. உடல் காயில் அனுப்ப, கையைத் தலைக்கு மேல் நீட்டிக் கிடந்தால், தலையும் அந்த அலையில் நனைகிறது.

எனவே 1.5க்கும் 3க்கும் இடையிலான லாபத்தை எதில் செலவிடுகிறார்கள் என்பதே கேட்க வேண்டிய கேள்வி. இரைச்சலைக் குறைக்க எடுப்பைப் பலமுறை திரும்பச் செய்தால் லாபம் நேரத்தின் வர்க்கமூலமாகவே கூடும். அதைத் திருப்பிப் போட்டால், 3 டெஸ்லா இயந்திரம் 1.5 இயந்திரத்தின் அதே படத்தை நான்கில் ஒரு பங்கு நேரத்தில் தந்துவிடும். நுணுக்கத்துக்காக வாங்கிய இயந்திரத்தை ஒரு மையம் வேகத்துக்காக ஓட்டினால், நோயாளி கையில் வாங்கிப் போவது பழைய நுணுக்கமுள்ள படம்தான். பலகை இதைச் சொல்லாது. அறிக்கையும் பெரும்பாலும் சொல்வதில்லை.

புலத்தைவிடக் காயில் பெரிது என்று சொல்லத் தூண்டும் இடம் மணிக்கட்டு. சுற்றியுள்ள சதை குறைவு என்பதால் உடலிலிருந்து வரும் இரைச்சலும் குறைவு. ஆகவே காயிலின் சொந்த இரைச்சல் கணக்கில் வந்துவிடுகிறது. காயிலே இரைச்சலை ஆளும் குறைந்த புலங்களில் சிக்னல்–இரைச்சல் விகிதம் புலத்தின் முதல் படியில் அல்லாமல் நான்கில் ஏழு, அதாவது 1.75ஆவது படியில் ஏறும். குறைந்த புலத்தில் இறங்க இறங்க நஷ்டம் எதிர்பார்த்ததைவிட வேகமாக வருவதற்கு இது ஒரு காரணம். அதே நேரம், சிறிய காயிலை உறுப்பின் மேலேயே ஒட்டவைத்தால் எந்தப் புலத்திலும் லாபம் பாய்ச்சலாக வரும். ஜப்பானிய ஆய்வாளர் ஹிரோஷி யோஷியோக்காவும் உடனிருந்தவர்களும் 2003இல் வெளியிட்ட கட்டுரை இதற்குச் சான்று: நுண்காயில் எனப்படும் மிகச் சிறிய வளையங்களை 1.5 டெஸ்லா இயந்திரத்தில் மணிக்கட்டின் மேல் வைத்து, முக்கோணத் தொகுதியின் இழைகளை வழக்கமான சிறு காயில் காட்டியதைவிடத் தெளிவாகக் காட்டினார்கள். காந்தத்தை மாற்றவில்லை, அதன் முன்னால் வைத்த கம்பி வளையத்தை மாற்றினார்கள். விலைப்பட்டியலில் இரண்டுக்கும் உள்ள தூரத்தைச் சொல்ல வேண்டியதில்லை. நுண்காயிலின் குறை, அதன் பார்வை ஆழம் வளையத்தின் அளவோடு முடிந்துவிடுவது. தோலுக்கு அருகே உள்ளவை துலங்கும், மறுபக்கம் மங்கும்.

கையை வைக்கும் விதமும் இதில் சேரும். காந்தத்தின் புலம் மிகச் சீராக இருப்பது குழாயின் நட்ட நடுவில். மணிக்கட்டை அங்கே கொண்டுவர நோயாளி குப்புறப் படுத்து, கையைத் தலைக்கு மேல் நீட்ட வேண்டும். கதிர்ப்பட அறைகளில் இதற்குச் ‘சூப்பர்மேன்’ நிலை என்று பெயர். தோள் பிடிப்புள்ள ஐம்பது வயதுக்காரர் அதில் அரைமணி நேரம் கிடப்பது பெரும்பாடு. பத்தாவது நிமிடத்தில் விரல் ஒன்று துடித்தால் 0.3 மில்லிமீட்டர் நுணுக்கம் காற்றில் போய்விடும். கையைப் பக்கவாட்டில் வைத்தால் நோயாளிக்குச் சுகம். ஆனால் மணிக்கட்டு புலத்தின் ஓரத்துக்குப் போய்விடுகிறது, கொழுப்பு அடக்கம் திட்டுத்திட்டாகத் தவறுகிறது. ஓரத்தின் ஒழுங்கின்மை ஹெர்ட்ஸ் கணக்கில் புலத்தோடு பெருகுவதால் 3 டெஸ்லாவில் இந்தத் தொல்லை அதிகம். நீட்டிய கை சுண்டுவிரல் பக்கம் சாய்ந்தால் தசைநாண்கள் காந்தப்புலத்துக்கு 55 பாகைக் கோணத்தை நெருங்கி, நோயில்லாமலே வெளுத்துத் தெரியும் பழைய சிக்கலும் உண்டு. அதை எந்த டெஸ்லாவும் தீர்க்காது.

இத்தாலியின் ஜெனோவாவிலுள்ள எசாவோட்டே நிறுவனம் இதற்கு வேறொரு விடை கண்டது. நோயாளி நாற்காலியில் உட்கார்ந்திருக்க, கையோ காலோ மட்டும் நுழையும் ‘ஆர்ட்டோஸ்கேன்’ என்ற 0.2 டெஸ்லா இயந்திரம். அமெரிக்காவின் ஓ.என்.ஐ. நிறுவனம் அதே யோசனையை 1 டெஸ்லாவுக்கும் 1.5 டெஸ்லாவுக்கும் உயர்த்தியது, 2009இல் ஜி.இ. அதை வாங்கியது. மணிக்கட்டு எப்போதும் காந்தத்தின் நடுவில், நோயாளி எப்போதும் வெளியில். டெஸ்லா எண் சிறியதாக இருந்தாலும் அசையாத கையும் நெருங்கிய காயிலும் ஓரளவுக்கு ஈடு செய்கின்றன.

எந்த அளவுக்கு ஈடு என்பதை 2005இல் டென்மார்க் ஆய்வாளர்கள் அளந்தார்கள். முடக்குவாத நோயாளிகளின் கைகளை 0.2 டெஸ்லா கைஇயந்திரத்திலும் 1 டெஸ்லா உடலியந்திரத்திலும் எடுத்து, பின்னதை அளவுகோலாக வைத்தார்கள். எலும்பு அரிப்பைச் சிறிய இயந்திரம் 94 சதவீதம் பிடித்தது. மூட்டுச்சவ்வு அழற்சியை 90 சதவீதம். எலும்பு மஜ்ஜையின் நீர்கோப்பில் மட்டும் 39 சதவீதத்துக்குச் சரிந்தது. ஒரே இயந்திரம், ஒரே கை. கேள்விக்குக் கேள்வி விடை மாறுகிறது. அரிப்பு என்பது டி1 படத்தில் வெளுத்த மஜ்ஜையில் விழும் கறுத்த பள்ளம். கறுப்புக்கும் வெளுப்புக்குமான எதிர்வு பெரியது, குறைந்த புலத்திலும் தப்பாது. மஜ்ஜை நீர்கோப்பு என்பது கொழுப்பை அடக்கிய பிறகு மிஞ்சும் மெல்லிய ஒளிர்வு. சிக்னல் பஞ்சமானால் முதலில் மறைவது அது. முடக்குவாதத்தில் மஜ்ஜை நீர்கோப்பு பின்னாளில் வரப்போகும் அரிப்பின் முன்னறிவிப்பு என்பதால் இந்தச் சரிவு சாதாரணமானதல்ல. ‘0.2 டெஸ்லா போதுமா?’ என்ற கேள்விக்கு விடை ஒன்றாக இருக்க முடியாது என்பதை இதைவிட நேராகக் காட்டும் சான்று மணிக்கட்டு இலக்கியத்தில் குறைவு.

விழுந்து கையூன்றியவரின் ஸ்காபாய்டு முறிவு மறுமுனை எடுத்துக்காட்டு. முதல் நாள் எக்ஸ்ரேயில் தெரியாமல் தப்பும் இந்த முறிவு, கவனிக்காமல் விட்டால் எலும்பின் மேல்முனை ரத்தமின்றிச் சாகும் வரை போகலாம். ஏனெனில் அந்த எலும்புக்குப் பெரும்பான்மை ரத்தம் கீழ்முனையில் நுழைந்து மேலேறுகிறது. 2015 கோக்ரேன் ஆய்வுத் திரட்டில் எம்.ஆர்.ஐ.யின் பிடிதிறன் 88 சதவீதம், சி.டி.யினுடையது 72. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2016இல், ஸ்காபாய்டு முறிவு என்று சந்தேகம் வந்தால் முதலிலேயே எம்.ஆர்.ஐ. எடுப்பதைப் பரிசீலிக்கச் சொன்னது. அங்கே பிரச்சினை எம்.ஆர்.ஐ. கிடைக்கிறதா, எத்தனை நாளில் கிடைக்கிறது என்பது. சாதாரண 1.5 டெஸ்லா இயந்திரம் நாளைக்கே கிடைப்பது, 3 டெஸ்லாவுக்கு இரண்டு வாரம் காத்திருப்பதைவிட நோயாளிக்கு நல்லது.

இனி நேரடி ஒப்பீடுகளுக்கு வரலாம். சூரிச் பல்கலைக்கழக மருத்துவமனையைச் சேர்ந்த சௌப்பேயும் உடனிருந்தவர்களும் 2005இல் ‘ரேடியாலஜி’ இதழில் வெளியிட்ட முன்னோட்ட ஆய்வு, ஆரோக்கியமானவர்களின் மணிக்கட்டுகளை இரு புலங்களிலும் எடுத்தது. 3 டெஸ்லாவில் எதிர்வு கூடியது. தசைநார்களும் முக்கோணத் தொகுதியும் குருத்தெலும்பும் நன்றாகத் தெரிந்தன. மறுக்க வேண்டியது எதுவும் இல்லை. ஆனால் ஆரோக்கியமான மணிக்கட்டு அழகாகத் தெரிவது, கிழிந்த மணிக்கட்டைக் கண்டுபிடிப்பதற்குச் சான்றாகாது. இரண்டையும் ஒன்றாகப் பேசும் பழக்கம் இத்துறையில் இன்னும் போகவில்லை.

2008இல் மேயோ கிளினிக்கிலிருந்து வந்த ஆய்வு அடுத்த படி. சுண்டுவிரல் பக்க வலியோடு வந்து, பின்னர் மூட்டுக்குள் ஆர்த்ராஸ்கோப் விட்டுப் பார்க்கப்பட்ட நோயாளிகளின் எம்.ஆர்.ஐ.களை அது எடுத்துக்கொண்டது. முக்கோண வட்டின் கிழிசலில் 1.5 டெஸ்லாவின் பிடிதிறன் 85 சதவீதம், 3 டெஸ்லாவினுடையது 94. கண்ணில் படும் வேறுபாடுதான். ஆனால் ஒரே நோயாளி இரண்டு இயந்திரங்களிலும் படுக்கவில்லை. ஒரு கூட்டம் ஒன்றில், மறு கூட்டம் மற்றதில். இந்த வேறுபாட்டை உறுதிப்படுத்த இன்னும் பெரிய எண்ணிக்கை வேண்டும் என்று ஆய்வாளர்களே எழுதினார்கள். மேற்கோள் காட்டுகிறவர்கள் 94ஐ மட்டும் எடுத்துக்கொண்டு அந்த வரியை விட்டுவிடுவது வழக்கமாகிவிட்டது. 3 டெஸ்லா இயந்திரம் பெரும்பாலும் புதிய இயந்திரம். புதிய காயில், கூடுதல் சேனல்கள், புதிய மென்பொருள் எல்லாம் அதோடு சேர்ந்தே வருகின்றன. அவற்றின் பங்கையெல்லாம் டெஸ்லாவின் கணக்கில் வரவு வைப்பது நியாயமில்லை.

2012இல் டோபி ஸ்மித்தும் உடனிருந்தவர்களும் வெளியிட்ட திரட்டு ஆய்வு இன்னொரு கோணத்தைத் தருகிறது. முக்கோணத் தொகுதியின் காயங்களுக்குச் சாதாரண எம்.ஆர்.ஐ.யின் பிடிதிறன் 75 சதவீதம், மூட்டுக்குள் கடோலினியம் கலந்த திரவத்தை ஊசியால் செலுத்தி எடுக்கும் ஆர்த்ரோகிராமுக்கு 84. தவறாகக் குற்றம் சுமத்தாத திறன் 81இலிருந்து 95க்கு ஏறுகிறது. புலம் கூடினால் துல்லியம் கூடுவதையும் அதே திரட்டு கண்டது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு நடைமுறை உண்மை புலப்படும்: 1.5 டெஸ்லா மட்டுமே உள்ள மருத்துவமனையில், மூட்டுக்குள் ஓர் ஊசி போடத் தெரிந்த ரேடியாலஜிஸ்ட் இருந்தால், அந்த இயந்திரம் கிழிசலைக் காட்டுவதில் 3 டெஸ்லாவோடு மோத முடியும். திரவம் மூட்டை உப்பவைத்து, கிழிசலின் உதடுகளை விலக்குகிறது. நுணுக்கத்தின் பற்றாக்குறையை எதிர்வு ஈடுகட்டுகிறது. நோயாளிக்கு ஒரு குத்து கூடுதல். அதை விரும்பாதவருக்கு 3 டெஸ்லா உண்மையாகவே உதவும். இந்த இடத்தில் பெரிய எண்ணின் பக்கம் சாய்வதில் தயக்கம் வேண்டியதில்லை.

தயக்கம் வேண்டிய இடங்கள் இரண்டு. முதலாவது, உலோகம். ஆஸ்திரேலிய அறுவை மருத்துவர் திமோத்தி ஹெர்பர்ட்டின் பெயரைத் தாங்கும் திருகு, முறிந்த ஸ்காபாய்டின் இரு துண்டுகளையும் இறுக்கிப் பிடிக்க எண்பதுகளிலிருந்து பயன்படுகிறது. அந்தத் திருகுள்ள எலும்பு ஒட்டியதா, மேல்முனைக்கு ரத்தம் போகிறதா என்று பார்க்க எம்.ஆர்.ஐ. கேட்கிறார்கள். டைட்டானியம் ஆனாலும் அதைச் சுற்றிப் புலம் வளைகிறது. வளைவு புலத்தோடு பெருகுகிறது. 2.5 சென்டிமீட்டர் நீளமே உள்ள எலும்பில் அந்தக் கறுப்பு நிழல் கேள்வியையே மூடிவிடும். இங்கே 1.5 டெஸ்லாதான் மேல். அதற்கும் கீழே போவதும் தவறில்லை.

இரண்டாவது, அதிகமாகத் தெரிவது. முக்கோண வட்டு வயதோடு தேய்கிறது. 2014இல் வெளியான ஒரு திரட்டு ஆய்வில், வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும், முப்பது வயதுக்குக் கீழானவர்களில் 27 சதவீதத்தினருக்கும் எழுபதைத் தாண்டியவர்களில் 49 சதவீதத்தினருக்கும் இந்தத் தொகுதியில் ஏதோ ஒரு பழுது தெரிந்தது. நுணுக்கம் கூடும்போது இத்தகைய பழுதுகள் கூடுதலாகக் கண்ணில் படும். அவற்றில் எது வலிக்குக் காரணம் என்பதைக் காந்தம் சொல்லாது. அறுபது வயதுக்காரரின் சாதாரண மணிக்கட்டு வலிக்கு 3 டெஸ்லா கேட்டு எழுதுவது, பல நேரங்களில் ‘கிழிசல்’ என்ற சொல்லை அவர் வீட்டுக்கு அனுப்புவதில் முடிகிறது. அந்தச் சொல்லைப் படித்த பிறகு அறுவை வேண்டாம் என்று அவரைச் சம்மதிக்க வைப்பது, படம் எடுப்பதைவிடக் கடினம்.

மேலே 7 டெஸ்லா இருக்கிறது. சீமென்ஸின் ‘டெர்ரா’ இயந்திரத்துக்கு 2017 அக்டோபரில் அமெரிக்க எஃப்.டி.ஏ. அனுமதி தந்தபோது, தலையோடு கைகால்களையும் அனுமதித்த பகுதிகளில் சேர்த்தது. இயற்பியல் காரணமும் உண்டு: 7 டெஸ்லாவில் ரேடியோ அலையின் நீளம் திசுவுக்குள் 12 சென்டிமீட்டர் அளவுக்குச் சுருங்கி, வயிறு போன்ற அகன்ற இடங்களில் ஒளியும் நிழலுமாகத் திட்டு விழவைக்கிறது. 6 சென்டிமீட்டர் மணிக்கட்டு அந்தத் தொல்லையிலிருந்து பெரும்பாலும் தப்பிக்கிறது. ஆகவே இயற்பியல் பக்கத்தில் 7 டெஸ்லாவுக்கு மிகத் தோதான மூட்டுகளில் இதுவும் ஒன்று. கொழுப்பு–நீர் இடைவெளி 1,000 ஹெர்ட்ஸைத் தாண்டுவதும், நோயறிதலில் அது என்ன மாற்றும் என்பதை ஆர்த்ராஸ்கோப்போடு ஒப்பிட்டுக் காட்டும் பெரிய ஆய்வு தேவைப்படுவதும் மறுபக்கம்.

இதற்கிடையே சந்தை கீழ்நோக்கியும் நகர்கிறது. சீமென்ஸின் 0.55 டெஸ்லா ‘ஃப்ரீ.மேக்ஸ்’ ஒரு லிட்டருக்கும் குறைவான ஹீலியத்தில் இயங்குகிறது; பழைய காந்தங்களில் ஆயிரம் லிட்டருக்கு மேல் தேவைப்பட்டது. குழாயின் விட்டம் 80 சென்டிமீட்டர். கையைப் பக்கவாட்டில் வைத்தும் நடுவை நோக்கி உடலை நகர்த்த இடம் உண்டு. திருகுகளின் நிழல் சிறியது. குறைந்த சிக்னலை ஈடுகட்ட, பயிற்றுவிக்கப்பட்ட செயற்கை நரம்பு வலையமைப்புகள் இரைச்சலை வடிகட்டுகின்றன. சில ஆண்டுகளாக இத்தகைய மென்பொருள்களுக்கு அனுமதி கிடைத்து வருகிறது. 1.5 டெஸ்லா படம் பழைய 3 டெஸ்லா படம் போலத் தோன்றுவதற்கும் அவையே காரணம். ஒப்பீடுகளை இனி இன்னும் கடினமாக்கப் போவதும் அவையே. கறுத்த வட்டில் அரை மில்லிமீட்டர் வெள்ளைக் கோடாகத் தெரியும் ஓரக் கிழிசலை அத்தகைய வடிகட்டி இரைச்சல் என்று எண்ணித் துடைத்துவிடுமா என்பதை அழகான மாதிரிப் படங்கள் காட்டாது.

அதைக் காட்டும் ஆய்வின் வடிவம் கடினமானதல்ல. அறுவைக்கு ஏற்கெனவே முடிவான நோயாளிகள். ஒவ்வொருவரின் மணிக்கட்டும் ஒரே வாரத்தில் 0.55, 1.5, 3 ஆகிய மூன்று புலங்களிலும், ஒவ்வொரு புலத்திலும் சமமான நேரமும் அந்தப் புலத்துக்கு ஏற்ற சிறந்த காயிலும், வடிகட்டி போட்டும் போடாமலும், எந்தப் படம் எந்த இயந்திரத்துடையது என்று தெரியாத மூவர் வாசிப்பு, இறுதியில் ஆர்த்ராஸ்கோப். பிடிதிறனை முழுத் தொகுதிக்கும் சேர்த்து ஓர் எண்ணாகச் சொல்லாமல், நடுவட்டுக்கும் அல்னா ஓரத்துக்கும் தனித்தனியே சொல்ல வேண்டும். அதுவரை, அறிக்கையின் தலைப்பில் டெஸ்லாவோடு காயிலின் பெயரையும் கனக்கட்டத்தின் மூன்று அளவுகளையும் அச்சிட்டால், படத்தை வாசிக்கும் அறுவை மருத்துவருக்கு ‘கிழிசல் இல்லை’ என்ற வரியை எவ்வளவு நம்பலாம் என்று தெரியும்.